பெட்டியில் பெயர் இருக்கிறதா?

கேள்வி, 2025 ஜனவரி 11

அண்ணா, டிசம்பர் முதல் வாரம் ஜெர்மனி வந்தேன். வங்கி அட்டையை ஒரு தடவை, ரகசிய எண்ணை ஒரு தடவை அனுப்பிவிட்டோம் என்கிறார்கள். இரண்டும் திரும்பிப் போய்விட்டன. இதே கட்டடத்தில் மற்ற எல்லாருக்கும் தபால் வருகிறது. தெரு, வீட்டு எண், மூன்றாவது மாடி, கதவு எண் 12 எல்லாம் தெளிவாகத்தான் கொடுத்தேன். வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்தால் தபால்காரர் வேண்டுமென்றே போடாமல் போவாரா?

ஜனவரி 11, இரவு

பெட்டியில் பெயர் ஒட்டினீர்களா?

ஜனவரி 12

நேற்று தூக்கத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டேன். விளக்கமாகச் சொல்கிறேன் தம்பி.

மூன்றாவது மாடி, கதவு எண் 12 இதெல்லாம் இங்கே முகவரியே இல்லை. தெருப் பெயர், கட்டட எண், ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு, ஊர், அவ்வளவுதான். கட்டடத்துக்குள் வந்தபின் தபால்காரர் பார்ப்பது பெயரை மட்டும். வாசலில் இருபது பெட்டி இருந்தால் இருபது பெயர் இருக்கும். உறையில் உள்ள பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லையென்றால், ‘பெறுநரைக் கண்டறிய முடியவில்லை’ என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் மேல் வன்மம் ஒன்றும் இல்லை.

உங்கள் பெட்டியில் இப்போது போன குடித்தனக்காரர் பெயர் இருக்கும், பாருங்கள். அதன் மேல் பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள். அழைப்புமணிப் பொத்தானிலும் ஒட்டுங்கள், பார்சல்காரர் அதைத்தான் பார்ப்பார். அழகான தகடு வேண்டுமென்றால் வீட்டு நிர்வாகத்தைக் கேளுங்கள். தகடு வர ஒரு மாதம் ஆகும். அதுவரை செல்லோடேப் போதும்.

நீங்கள் வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால், உறையில் உங்கள் பெயருக்குக் கீழே ‘bei’ (பை, இன்னார் வீட்டில் என்று பொருள்) என்று போட்டு வீட்டுக்காரரின் குடும்பப் பெயரை எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் ‘மேற்பார்வை’ மாதிரி.

ஜனவரி 14

‘பாஸ்போர்ட்டில் உள்ளபடி’ என்று சொன்னது தப்பு. எனக்கே அது ஒத்துவரவில்லை என்பதை மறந்துவிட்டேன்.

நான் வந்தது 2016 அக்டோபர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலி. பெயர்க் கட்டத்தில் என் பெயரும் அப்பா பெயரும் அடுத்தடுத்து. தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். குடியிருப்புப் பதிவுக்குப் போனபோது அந்த அம்மா நெடுநேரம் யோசித்தார். குடும்பப் பெயர் இல்லாத மனிதன் அவர் கணினியில் இருக்க முடியாது. கடைசியில் மொத்தத்தையும் குடும்பப் பெயராகப் போட்டு, முதற்பெயர் கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அன்றிலிருந்து சில கடிதங்கள் ‘திரு. கோடு’ என்று வந்தன. கிண்டலுக்குச் சொல்லவில்லை, உறையின் சன்னலில் ஒரு சிறிய கோடு, அதற்குப் பிறகு பெயர்.

வங்கி அதை வேறு மாதிரி வெட்டியது. காப்பீட்டுக்காரர்கள் அப்பா பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என் பல் வைத்தியச் செலவைப் பற்றி எழுதினார்கள். அப்புறம் மனைவி வந்தாள். அவள் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என் பெயர். பையன் பிறந்தான், அவனுக்கும் என் பெயர்தான் குடும்பப் பெயர். ஆக ஒரே வீட்டில் எனக்கு ஒரு குடும்பப் பெயர், அவர்கள் இருவருக்கும் வேறொன்று. மூன்று சீட்டு ஒட்டினேன். இரண்டாவது வாரம் வீட்டு நிர்வாகி போன் செய்து, உள்வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா, ஒப்பந்தத்தில் அனுமதி இல்லையே என்று மிகப் பணிவாகக் கேட்டார்.

அதனால் திருத்தம். உங்களுக்கு எழுதுகிறவர்கள் என்னென்ன பெயரில் எழுதுகிறார்களோ அத்தனையையும் ஒட்டுங்கள். அட்டவணை மாதிரி இருந்தாலும் பரவாயில்லை.

ஜனவரி 14, கொஞ்ச நேரம் கழித்து

சாதாரணக் கடிதத்துக்குத்தான் இது. அடையாள அட்டை காட்டி வாங்க வேண்டிய பதிவுத் தபால் என்றால் உறையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். அங்கே சீட்டு உதவாது. நான் ஒரு தடவை மனைவியின் பதிவுத் தபாலை வாங்கப் போய், இந்தப் பெயர் என் பெயர்தான், ஆனால் நான் இல்லை, என் மனைவி என்று ஜெர்மனில் சொல்ல முயன்றேன். என் அப்போதைய ஜெர்மனுக்கு அது அதிகம். பின்னால் நின்ற தாத்தா சிரித்துவிட்டார்.

ஜனவரி 27

தம்பி பதில் போட்டிருக்கிறார்: பெட்டியில் இன்னும் பழைய ஆளின் பெயர்தான் இருந்ததாம், இவர் சீட்டு ஒட்டிய ஒன்பதாம் நாள் அட்டை வந்ததாம். அதற்கு முன்னால் வேறொன்று வந்ததாம். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம், மாதம் 18 யூரோ 36 சென்ட், வீட்டில் டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான் எச்சரித்திருக்க வேண்டும். எந்தக் கடிதம் வழி தவறினாலும் அது தவறாது.

பிப்ரவரி 9

மஞ்சள் உறையைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இது கொஞ்சம் நீளும்.

நம் ஊரில் முக்கியமான அரசுக் கடிதம் என்றால் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்கள் என்று வளர்ந்தவர்கள் நாம். கையெழுத்துப் போடாவிட்டால் கடிதம் வரவில்லை என்று வாதாடலாம். வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லி உள்ளே ஒளிந்துகொண்ட மாமா ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. இங்கே அந்த வித்தை பலிக்காது. நீதிமன்றமோ அபராதம் போடும் அலுவலகமோ அனுப்பும் மஞ்சள் உறையைத் தபால்காரர் பெட்டிக்குள் போட்டுவிட்டு, உறையின் மேலேயே தேதியை எழுதிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தத் தேதியில் உங்கள் கையில் கிடைத்ததாகத்தான் கணக்கு. அபராத ஆணைக்கு மறுப்பு எழுத இரண்டு வாரம். அதோடு சரி.

2022 டிசம்பர் 20 அன்று ஊருக்குக் கிளம்பினேன். பொங்கல் முடித்து 2023 ஜனவரி 22 அன்று திரும்பினேன். போவதற்கு முன் ஊருக்குள் 50 வேகத்தில் போக வேண்டிய சாலையில் 58-இல் போய்ப் படம் எடுக்கப்பட்டிருக்கிறேன். 30 யூரோ. அந்த முதல் கடிதம் சாதாரண உறையில் வந்தது, ஒரு வாரத்துக்குள் கட்டச் சொல்லி. நான் அப்போது கும்பகோணத்தில். பணம் வராததால் ஜனவரி 4 அன்று மஞ்சள் உறை. அதில் கட்டணம் 25, அனுப்பும் செலவு 3 யூரோ 50 சேர்த்து 58 யூரோ 50 சென்ட். மறுப்புக்கான இரண்டு வாரம் ஜனவரி 18-உடன் முடிந்தது. பெட்டிச் சாவி நண்பனிடம் இருந்தது. அவன் பொறுப்பாகத்தான் இருந்தான். கடிதம், பீட்சாக் கடை நோட்டீஸ், சூப்பர் மார்க்கெட் தள்ளுபடித் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து வைத்திருந்தான்.

விடுமுறையில் இருந்தேன், என் குற்றம் இல்லை என்று டிக்கெட்டைக் காட்டி, திரும்பிய ஒரு வாரத்துக்குள் விண்ணப்பித்தால் தவறிய கெடுவைத் திரும்பத் தருவார்கள். அந்த வழி உண்டு. நான் போகவில்லை. 58-இல் போனது நான்தானே.

பிப்ரவரி 10

காலையில் மறுபடி படித்தேன். ‘என் குற்றம் இல்லை’ என்று எழுதியதில் ஒரு பாதி பொய். ஊருக்குப் போகும்போது தபாலை நிறுத்தி வைக்கும் சேவை உண்டு, பணம் கட்டினால் போதும். தெரிந்தும் கட்டவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்தேன்.

சாதாரணக் கடிதத்தில் வரும் அரசு ஆணைகளுக்கு வேறு கணக்கு. தபாலில் போட்ட மூன்றாம் நாள் கிடைத்ததாக வைத்துக்கொள்வது முன்பிருந்த வழக்கம். இந்த ஜனவரி 1 முதல் அது நான்காம் நாள். அஞ்சல் சட்டத்தை மாற்றி, கடிதம் மெதுவாகப் போகலாம் என்று அனுமதித்துவிட்டார்கள். முன்பு 80 விழுக்காடு கடிதம் மறுநாளே சேர வேண்டும். இப்போது 95 விழுக்காடு மூன்றாம் வேலை நாளுக்குள் சேர்ந்தால் போதும். அதே ஜனவரி 1 அன்றுதான் சாதாரணக் கடிதத்தின் தபால்தலை 85 சென்டிலிருந்து 95 ஆனது. மெதுவாகப் போவதற்குக் கூடுதலாகப் பத்து சென்ட்.

மார்ச் 2

வீடு மாறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய முகவரிக்கு வருவதைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடச் சொல்லிப் பணம் கட்டலாம், 6 மாதம், 12 மாதம், 24 மாதம் என்று. 2019-இல் நானும் கட்டினேன். என் கடிதமெல்லாம் வந்தது, மனைவிக்கு ஒன்றும் வரவில்லை. விண்ணப்பத்தில் பெயர்களைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், நான் என் ‘குடும்பப் பெயரை’ மட்டும் போட்டுவிட்டு எல்லாருக்கும் சேர்த்து என்று நினைத்துக்கொண்டேன். மறுபடியும் அதே பெயர்க் கதை. மனைவி அந்த மூன்று மாதத்தைப் பற்றி இன்றும் பேசுவாள்.

சில அரசு உறைகளில் ‘திருப்பி அனுப்ப வேண்டாம்’ என்று அச்சிட்டிருக்கும். அவை பணம் கட்டினாலும் வராது.

மார்ச் 3

‘திருப்பி அனுப்ப வேண்டாம்’ என்று மொழிபெயர்த்தது குழப்பமாக இருக்கிறது என்கிறார்கள். புது முகவரிக்கு அனுப்ப வேண்டாம் என்று பொருள். அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

ஏப்ரல் 21

அம்மா பார்சல். இதை எழுதத்தான் இத்தனை நாளாகக் கை அரித்தது.

வீட்டில் ஆள் இல்லாதபோது பார்சல் வந்தால் ஒரு சீட்டுப் போடுவார்கள், ஏழு நாளுக்குள் போய் எடுக்க வேண்டும். அது உள்ளூர்ப் பார்சல். இந்தியாவிலிருந்து வருவது சுங்கத்தில் மாட்டினால் வேறு கடிதம் வரும்: உங்கள் பார்சல் எங்களிடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டும் விலைச்சீட்டும் கொண்டு வாருங்கள். எங்கள் ஊரிலிருந்து அந்த அலுவலகம் இரண்டு பேருந்து, ஒரு நடை. இங்கே எல்லாரும் அதை ‘ட்சோல்’ என்றுதான் சொல்வோம். லீவு போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

அம்மா பழைய முறைப்படி வெள்ளைத் துணி சுற்றி, ஊசி நூலால் தைத்து, முகவரியை மார்க்கரில் எழுதியிருந்தாள். அதிகாரி அதைத் தடவிப் பார்த்தார், தையல் அவருக்குப் பிடித்துவிட்டது போல. பிறகு கத்தியை என்னிடம் நீட்டினார். அவர்கள் பிரிக்க மாட்டார்கள், நாம்தான் அவர்கள் முன்னால் பிரிக்க வேண்டும். அம்மா தைத்ததை நானே கிழித்தேன்.

சுங்கப் படிவத்தில் அப்பா எழுதியிருந்தது ஒரே சொல்: தின்பண்டம். ஆங்கிலத்தில்தான். அதுதான் வினை. 2021 மார்ச்சிலிருந்து ஐரோப்பாவுக்கு வரும் பார்சலுக்கு உள்ளே இருப்பதை முன்கூட்டியே மின்வழியில், பொருள் பொருளாகச் சொல்ல வேண்டும். தின்பண்டம், பரிசு, சாமான் என்று பொதுவாகப் போட்டால் சந்தேகத்துக்கு அழைப்பு வைத்த மாதிரி.

அப்பளம் தப்பியது. பருப்புப் பொடி தப்பியது. சுண்டைக்காய் வற்றலைக் கையில் எடுத்து, இது என்ன என்றார். காய் என்றேன். என்ன காய்? எனக்கு அதன் ஜெர்மன் பெயர் தெரியாது, ஆங்கிலப் பெயரும் தெரியாது. கசக்கும், தயிரில் ஊறப்போட்டுக் காயவைப்பது, எண்ணெயில் வறுத்துச் சாப்பிடுவது என்றேன். கசப்பதை ஏன் சாப்பிடுகிறீர்கள் என்று அவர் உண்மையான ஆவலோடு கேட்டார். நல்ல கேள்வி. தயிரைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அடுத்த நொடி தோன்றியது. அவர் கவனிக்கவில்லை, வற்றல் தப்பியது.

நெய் தப்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் தனியாருக்குத் தபாலில் வரக் கூடாது, விலங்கு நோய் பயம். பால்கோவா, நெய், எல்லாம் அதில் சேர்த்தி. தேன் இரண்டு கிலோ வரை வரலாம். நிலவேம்புப் பொடியும் தப்பவில்லை. பொட்டலத்தில் ‘காய்ச்சலுக்கு’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லால் அது மருந்தாகிவிட்டது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து மருந்தைத் தபாலில் வரவழைக்கக் கூடாது. நாமே பயணத்தில் சொந்தத் தேவைக்கு ஏறத்தாழ மூன்று மாத அளவு கொண்டு வரலாம்.

வரி கட்டவில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வரும் பரிசு 45 யூரோ வரை சும்மா வரும்.

அம்மாவிடம் நெய்யைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. வாசனையாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 23

45 யூரோ என்றதும் சென்னையிலிருந்து 20 யூரோவுக்குப் புத்தகம் வாங்கினால் வரி இல்லைதானே என்று ஒருவர். உண்டு. 45 என்பது பரிசுக்கு மட்டும். விலை கொடுத்து வாங்கும் பொருளுக்கு முன்பு 22 யூரோ வரை விலக்கு இருந்தது, 2021 ஜூலை 1 முதல் அது கிடையாது. 2025 நிலவரப்படி 150 யூரோ வரை சுங்க வரி இல்லை, ஆனால் இறக்குமதி விற்பனை வரி உண்டு. பொதுவாக 19 விழுக்காடு, புத்தகத்துக்கு 7. ஒரு யூரோவுக்குக் கீழே வந்தால் வசூலிக்க மாட்டார்கள். உங்கள் 20 யூரோ புத்தகத்துக்கு 1 யூரோ 40 சென்ட். அதை உங்களுக்காக முன்கூட்டிக் கட்டியதற்குப் பார்சல் நிறுவனம் வாங்கும் கட்டணம் வரியைவிடப் பெரியது. நாலைந்து புத்தகமாகச் சேர்த்து வாங்குங்கள்.

மே 18

பார்சல் எண் ‘செல்லாது’ என்று வருகிறதாம் ஒருவருக்கு. ஊரிலிருந்து அவர் தம்பி கையால் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிய எண். அதில் இருக்கும் 7, 1 இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

பன்னாட்டுத் தபால் எண்ணில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சும்மா இல்லை, முதல் எட்டையும் சரிபார்க்க வைத்தது. எட்டையும் வரிசையாக 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழித்தால் அது வர வேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. ஒரு இலக்கத்தைத் தப்பாக எழுதினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மழை நாளில் செய்து பாருங்கள்.

7, 1 என்றதும் ஞாபகம் வந்தது. ஜெர்மன்காரர்கள் 1-க்கு முன்னால் நீளமாக ஒரு கோடு இழுப்பார்கள், அது நம் 7 மாதிரி இருக்கும். அவர்கள் 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு உண்டு. வந்த புதிதில் ‘உங்கள் பார்சல் 77-ஆம் எண் வீட்டில் இருக்கிறது’ என்று சீட்டுப் படித்துவிட்டு, 77-ஐத் தேடி நடந்தேன். எங்கள் தெரு 42-உடன் முடிந்து வயல் தொடங்குகிறது. வயலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பார்சல் 11-இல் இருந்தது.

ஜூலை 6

பவர் பத்திரம் அனுப்புவது பற்றி. தூதரகத்தில் நேரில் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கி, ஊருக்கு அனுப்பினேன், அப்பா பெயரில். வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்குள் வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வந்த தேதிக்குச் சாட்சி அந்த உறைதான், அதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அப்பாவிடம் மூன்று தடவை சொன்னேன். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். தபால்தலையை மட்டும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கத்தரித்துக் கொடுத்திருக்கிறார், முத்திரையோடு. நல்ல வேளை, கண்காணிப்பு எண் இருந்தது.

அனுப்பும்போதும் கூத்துதான். இணையப் படிவம் வீட்டு எண்ணைக் கேட்டது. எங்கள் வீட்டுக்கு எண் இருக்கிறது, பழையது ஒன்று, புதியது ஒன்று, யாரும் இரண்டையும் பயன்படுத்துவதில்லை. 0 என்று போட்டேன், ஏற்கவில்லை. 1 என்று போட்டேன். போய்ச் சேர்ந்தது. பின்கோடும் அப்பா பெயரும் போதும் அங்கே. நம் ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்தது. ஜெர்மனியின் ஐந்து இலக்கம் 1993 ஜூலை 1-இல்தான், இரண்டு ஜெர்மனியும் சேர்ந்தபின் ஒரே எண் இரண்டு ஊருக்கு இருந்த குழப்பத்தைத் தீர்க்க. இந்த ஒரு விஷயத்தில் நாம் மூத்தவர்கள் என்று அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் அசரவில்லை.

செப்டம்பர் 14

கீழ் வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார், எண்பதுகளில் வந்தவர். 2019-இல் இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, “தம்பி, பெட்டியில பேர் ஒட்டினனீங்களோ?” ஜனவரியில் நான் கேட்டது என் சொந்தக் கேள்வி இல்லை என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

வந்த புதிதில் அகதிகள் விடுதியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில்தான் கடிதம் வருமாம். கதவில் பெயர்ப் பட்டியல் ஒட்டுவார்களாம். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன் அந்தப் பட்டியலைப் பார்ப்பார்களாம். கெடு தப்பினால் வழக்கே போய்விடும் என்ற பயம். அதற்கு முன்னால் என் 58 யூரோ கதை கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அவர் பெட்டியில் இன்னும் இரண்டு பெயர் இருக்கிறது. அவர் கணவர் இறந்து நாலு வருடம். போன வாரம் புதுத் தகடு மாற்ற ஆள் வந்தபோது நான் மொழிபெயர்க்க நின்றேன். ஒரு பெயர் போதுமா என்று கேட்டார் அந்த ஆள். அக்கா சொன்னார்: “ரெண்டும் இருக்கட்டும். கழட்டினா அவருக்கு வாற கடிதம் திரும்பிப் போயிடும்.”

இரண்டும் இருக்கட்டும் என்று மொழிபெயர்த்தேன்.

நவம்பர் 30

அம்மாவின் அடுத்த பார்சல் வந்துவிட்டது. சுங்கத்துக்குப் போகவில்லை, நேரே வீட்டுக்கு. இந்தத் தடவை படிவத்தை அப்பாவுக்குப் பதில் தங்கை எழுதினாள்: உளுந்து அப்பளம் 500 கிராம், மல்லிப் பொடி 250 கிராம், பருத்திச் சட்டை ஒன்று, விலையோடு. நெய் இல்லை. மல்லிப் பொடியில் மருத்துவக் குணம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

துணியில் முகவரிக்குக் கீழே அம்மா தமிழில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள், தபால்காரருக்கு: ‘பெயர் பெட்டியில் ஒட்டியிருக்கிறது, பார்த்துப் போடவும்.’ அவர் என் கையில் கொடுக்கும்போது அந்த வரியைக் காட்டி, இது எந்த மாடி என்று கேட்டார்.

அப்பளம் பாதி தூள்.